நாற்பத்தொன்றாம் வரிசை

எழுதுகிறவன் நான். ஊசி போடத் தெரியாது.
லெசோத்தோ மலையில் ஒரு மருத்துவமனை,
மூன்று பச்சைப் பதிவேடு,
நூலில் கட்டிய ஒரு பேனா.

வரிசை 41. மாபுசெலெட்சோ. வயது இருபத்து மூன்று.
மணமாகி வருகிறவளுக்கு இங்கே
மாமியார் வீடு புதுப்பெயர் வைக்கும்,
இன்னும் தரிக்காத பிள்ளையின் அம்மா என்று.
புசெலெட்சோ என்றால் ஈடு.
அந்த வீடு எதை இழந்திருந்ததோ,
அதற்குக் கட்டம் இல்லை.

கர்ப்பத்துக்கும் இரண்டு கோடு,
எச்.ஐ.வி.க்கும் இரண்டு கோடு.
ஒரே காலையில் இரண்டையும் பார்த்தாள்.
செவிலி ந்தொலெங்
சாத்தாத கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து
அரைமணி நேரம் பேசினாள்.
வெளியே முப்பத்தாறு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

மாத்திரை அன்றைக்கே.
ஒரு மாதத்துக்கு என்று எழுதி
பதினான்கு கொடுத்தோம்.
மீதி வர வேண்டிய வண்டி கணவாய்ப் பனியில்.
பதினைந்தாம் நாள் வந்து நின்றாள், ஆறு மணி நேரம் நடந்து.
அப்போதும் பதினான்கு.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு
கட்டம் காலி.
மூன்று மாதம் காலியென்றால்
சிவப்பில் எழுத வேண்டும்: தொடர்பு அறுந்தது.
எழுதினேன்.
கையெழுத்து அழகாக இருந்தது.

குதிரைக்காரன் மொஹாபி
இரத்த அட்டைகளைப் பையில் போட்டு
சென்கு ஆற்றின் இரு கரைக்கும் போய்வருபவன்.
சேணத்தை இறுக்கிக்கொண்டே சொன்னான்:
"மூலையில் தீப்பட்ட ஓட்டை இருக்குமே, அந்தச் சிவப்புப் போர்வை,
அக்கரையில் பார்த்தேன்.
உள்ளே குழந்தை."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்.
எல்லோருக்கும் தெரிந்ததுதான்,
பதிவேட்டைத் தவிர.
அங்கே அவள் கெனூவே, பிறந்தபோது வைத்த பெயர்.
கையேடு மாமியார் பெட்டிக்குள்,
மாத்திரை சோளமாவு டப்பாவுக்குள்.
பிரசவ வலியில், பெரியம்மா பக்கத்தில் இருக்க,
"ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள்.
பரிசோதனைக் கருவி தீர்ந்து ஒன்பது நாள்.
அங்கே என்னைப்போல் ஒருவன் எழுதினான்:
தாயின் நிலை தெரியாது.

தொடர்பு அறுந்தவள் ஒருத்தி,
நிலை தெரியாதவள் ஒருத்தி.
மாவட்ட அறிக்கையில் இரண்டு பேர்.
பால் கேட்டு அழுதது ஒன்றுதான்.

ந்தொலெங் மொஹாபியோடு குதிரையேறிப் போனாள்.
அன்று இங்கே செவிலி இல்லை;
முப்பத்தாறு பேரைத் திருப்பி அனுப்பியது நான்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குதிகாலில் ஒரு குத்து.
அட்டையில் ஐந்து வட்டம்,
நான்காவது பாதிதான் நிறைந்தது.
மருந்துப் புட்டி அக்கரையில் மூன்று இருந்தது,
இரண்டு காலாவதி.

மசேருவிலிருந்து பதினோரு வாரம் கழித்துத் தாள் வந்தது:
குழந்தையிடம் கிருமி இல்லை.
ந்தொலெங் அதை இரண்டு முறை படித்தாள்,
பிறகு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

சிவப்பு மையை அழிக்கக் கூடாது.
எனவே வரிசை 41இலிருந்து
கட்டங்களுக்கு வெளியே ஒரு அம்பு இழுத்து
ஓரத்தில் எழுதினேன்: கெனூவே, அக்கரை, வரிசை 9.
மாவட்டத்திலிருந்து வந்தவர் விரலை வைத்தார்.
"இது என்ன கோடு?"
"ஆறு."

அவர் சிரிக்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்.

பால்குடி மறக்கும்வரை
மறுபடியும் குத்த வேண்டும், மறுபடியும் அட்டை.
அடுத்த தேதியைப் பென்சிலில் போட்டிருக்கிறேன்.
மாத்திரை, இந்த முறையும்
பதினான்கு.