பெண்கடல் அப்படிச் சத்தம் போடாது

ஜெபமாலை முடிந்ததும்
அதுவாகவே அடுத்தது ஓட ஆரம்பித்தது.
ஒரு கிணறு. ஒற்றைச் செருப்பு.
"கொன்றது யாரென்று இன்றுவரை தெரியவில்லை" என்றான்
தொண்டையில் தேன் தடவிய ஒருவன்.
நிறுத்தியிருக்கலாம்.
கையெல்லாம் நண்டு.

மண்டபம் கம்பெனியில் எட்டு மணி நேரம்
அவித்த நண்டின் காலை ஒடித்துச் சதை எடுப்பேன்.
காதுக்குள் வாரத்துக்கு ஏழு பிணம்.
சேலத்து இரட்டையர்,
ரயிலேறி எங்கேயும் இறங்காத நகைக்கடைக் கணக்கர்.
உலை கொதிக்கும்போது சந்தேகப்பட்டேன்,
மச்சினனை, தோட்டக்காரனை, போலீஸையே.
ராத்திரி கக்கூசுக்குப் போக
மகனை எழுப்பினேன். திட்டிக்கொண்டே வந்தான்.

எங்கள் வேலையிலும் கடைசியில் நீல விளக்கு உண்டு.
அதன் கீழே சதையைப் பரப்பினால்
ஓட்டுத் துணுக்கு மட்டும் மினுங்கும்.
ஒன்று கிடந்தாலும் சூப்பர்வைசர் டெல்பினா
மொத்தக் கிலோவையும் திருப்பித் தள்ளும்.

நாற்பத்துநான்காவது பாகம், எங்கள் கரை.
ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னான்.
லிகோரி பெயரைச் சரியாகச் சொன்னான்.
பதினாறு வருஷத்துக்கு முந்தி
ஆளில்லாமல் ஒதுங்கிய வள்ளம்,
மூடி திறக்காத குழம்புச் சட்டி.
பின்னணியில் அலை ஓங்கி ஓங்கி அறைந்தது.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
அய்யா, இது வடகடல். பெண்கடல்.
அறைகிற ஆண்கடல் பாலத்துக்குத் தெற்கே.
இது
தூங்குகிற பிள்ளையைத் தாண்டுவதுபோல
கரையேறி வரும்.

வாடையில் நங்கூரக் கயிறு அறுந்திருக்கலாம் என்றான்.
ஆடி மாசத்தில் ஏது வாடை? அது கச்சான்.
கயிறும் அறுந்ததல்ல.
அறுந்த கயிறு பிசிறு பிசிறாய்த் தொங்கும்.
அந்த நுனி
நறுக்கிய வாழைத்தண்டு மாதிரி இருந்தது.
பத்தொன்பது வயதில், இடுப்பில் குடத்தோடு,
நான் பார்த்தேன்.
குடத்தைத் தள்ளிக் கொண்டுபோகச் சொன்னார்கள்,
வேறொன்றும் கேட்கவில்லை.
கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிப் போனவர்
வாரம் இரண்டு நாள்
எங்கள் கம்பெனிக்குத்தான் நண்டு போடுகிறார்.
எடை சரியாக இருக்கும்.

"தகவல் தெரிந்தவர்கள் எழுதலாம்" என்றான்.
பிறகு மெத்தை விளம்பரம்.

மேசைக்கு எதிரே பெர்னத்தக்கா.
உடல் கிடைக்காததால்
லிகோரிக்கு இன்னும் அடக்கப் பூசை வைக்காதவள்.
நிமிர்ந்து பார்த்தாள்.
"என்னத்தடி அப்பிடிக் கேக்குற?"
ஜெபமாலை, என்றேன்.
"எனக்கும் ஒரு காது குடு."

மாற்றிவிட வேண்டும், உடனே.
கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன்,
போன் திறக்கவில்லை.
நண்டோடு தின்றுதின்று ரேகை போய்விட்டது,
ரேஷன் கடை மெஷினுக்கும் என்னைத் தெரியாது.
விளம்பரம் முடிகிற இசை.
மேசைக்கு மேலே
வயரின் மறுநுனியை
அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.