நீடாமங்கலம் கேட்டில் பனி

பனிக்கு முதலில் உப்பைத்தான் நினைத்தார்கள்.
வேதாரண்யத்திலிருந்து ரெண்டு லாரி.
"வயலோரம் உப்பா?
கொட்டிப் பாருங்க,
உங்களையும் சேத்து ஊறுகா போடுறேன்"
என்றார் பக்கிரிசாமி.

அப்புறம்தான் என் கடைக்கு வந்தாள்
ஐலா. பின்லாந்துக்காரி. டைரக்டர்.
பதினோரு மூட்டை இலவம் பஞ்சைப் பார்த்ததும்
கையெடுத்துக் கும்பிட்டாள்.
மெத்தைக்கடை ஜபருல்லாவை
ஊரில் கடன்காரன்கூடக் கும்பிட்டதில்லை.

கதை இவ்வளவுதான்:
ஒருவன் தன் ஊர் நீராவி அறையில்
தூங்கிப்போகிறான்.
விழித்தால் நீடாமங்கலம் ரயில்வே கேட்.
மூடியிருக்கிறது.
மன்னை எக்ஸ்பிரஸுக்கு எஞ்சினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
அவன் சறுக்குவண்டியில் உட்கார்ந்திருக்கிறான்,
இடுப்பில் துண்டோடு.
முன்னால் கலைமான்.

கலைமான் என்பது பக்கிரிசாமியின் கிடா.
தலையில் முருங்கைக் கிளை கட்டியிருந்தோம்.
மூன்று டேக் வரை கொம்பு தாங்கியது.
நாலாவதில், பின்னால் நின்ற பெட்டை
எட்டி எட்டி அதைத் தின்றுவிட்டது.
அதையும் படத்தில் வைத்திருக்கிறாள்,
முழுசாக, ஆறு நிமிஷம்.

டோய்வோ, அதுதான் நடிகன்,
பசியில் கையேந்துவான். "கொடு" என்பதற்கு
அவர்கள் பாஷையில் என்னவோ சொல்,
நம் காதில் அண்ணா என்றுதான் விழும்.
அண்ணா, அண்ணா.
கேட்டில் நின்ற அத்தனை பேரும்
"சொல்லு தம்பி" என்றார்கள்.
ஏய் என்றால் அங்கே "இல்லை".
அவன் இல்லை இல்லை என்று மன்றாட மன்றாட
மினிபஸ் டிரைவர் கைலியை மடித்துக் கட்டினான்.

மீன்கூடையைக் காட்டி
"கல" என்றான், கடைசி எழுத்தை முழுங்கி.
மீனுக்கு அதுதான் பெயராம்.
கூடைக்காரி கலாராணி
"எம் பேரு இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று
பட்ட வெட்கம் இருக்கிறதே,
எழுதிக்கொடுத்து வராது அது.

கடைசி நாள் ராத்திரி.
காத்திருப்பவர்கள் எல்லோரும் தூங்கிவிட வேண்டும்,
அதுதான் காட்சி.
ரோடு நெடுக என் மெத்தைகள்.
கண்டக்டர், கலாராணி, டியூஷன் பிள்ளைகள்,
ஆம்புலன்ஸ் டிரைவர், கேட்கீப்பர் அமலதாஸ்.
பாதிப் பேர் நிஜமாகவே தூங்கிப்போனார்கள்.
மேலே பஞ்சு தூவினோம்.

ஆடிக்காற்று சும்மா இருக்குமா.
பனி கீழிருந்து மேலே பெய்தது.
விளக்குக் கம்பம் தாண்டி, புளியமரம் தாண்டி,
கோரையாற்றில் அன்றுதான் வந்திருந்த
புதுத்தண்ணீர்மேல் போய் உட்கார்ந்து
கிழக்கே கிளம்பியது.
ஐலா கட் சொல்ல மறந்துவிட்டாள்.

டோய்வோ வண்டியைவிட்டு இறங்கி
சேற்றைத் தொட்டு "மா" என்றான்.
பக்கிரிசாமி மூணு விரலைக் காட்டி
"மூணு மா. குத்தகை" என்றார்.
நிலத்துக்கு அவர்களும் மா என்றுதான் சொல்கிறார்கள்
என்று பிறகுதான் தெரிந்தது.
அந்த இடத்தில் மட்டும்
படத்துக்கு அடியில் எழுத்து ஓடாது.

கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள்.
சிரிக்க வேண்டிய இடத்தில்
அவரவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.
கேட் திறந்ததும் அந்தப் பக்கம்
ரயிலடி இல்லை, உறைந்த ஏரி.
மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அதில் போகிறது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
கலாராணி மட்டும் மெதுவாக,
"ஐஸு நெறைய இருக்கு. மீன் கெடாது" என்றாள்.

ரெண்டு மூட்டைக்கு இன்னும் பணம் வரவில்லை.
நேற்று ஒரு தபால் அட்டை வந்தது.
முன்பக்கம் வெள்ளை. முழு வெள்ளை.
பின்பக்கம் கோணல்மாணலாய்த் தமிழில்
ஒரே ஒரு சொல்:
அண்ணா.

கூப்பிடுகிறாளா, கேட்கிறாளா?
கூப்பிட்டால் என்னிடம் ஸ்வெட்டர் இல்லை.
கேட்டால் பஞ்சும் இல்லை,
கடலுக்குப் போய்விட்டது.
அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
சைக்கிளில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்கிறேன்.
கேட் போட்டிருக்கிறது.
எஞ்சின் இப்போதுதான் கழன்றிருக்கிறது.