தோன்றா எழுவாய்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ்.
மஸ்கட் விசா வந்துவிட்ட ஏ.சி. மெக்கானிக்,
ஹெல்மெட்டைக் கழற்றாத டெலிவரிப் பையன்,
வாய் திறக்காத ஒரு ஈ.சி.ஜி. டெக்னீஷியன்,
நான்.

வினோலியா மிஸ் என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
"இங்கிலீஷ்ல வினைச்சொல் காத்திருக்காது" என்றாள்.
நம் வாக்கியத்தில் அது கடைசி ஆளாக
மூச்சிரைக்க வந்து கதவைச் சாத்தும்.
அங்கே இரண்டாவது ஸ்டாப்பிலேயே ஏறி
சீட் பிடித்துவிடும்.

'வந்தேன்' என்றால் போதும் இங்கே.
அந்த வாலுக்குள் நான் சுருண்டு படுத்திருப்பேன்.
அங்கே முன்னால் வந்து நிற்க வேண்டும்,
அதுவும் பெரிய எழுத்தில்,
ஒற்றைக் கம்பம் மாதிரி: ஐ.

நான் செக்கர் என்றேன்.
ஏற்றுமதிச் சட்டையில் பிசிறு பார்க்கும் வேலை.
"ஆம் எங்க? எ எங்க?"
பதினோரு வருஷமாக எனக்கும் வேலைக்கும் நடுவே
இரண்டு சொல் குறைந்திருந்தது தெரியாது.
'எ' போட்டால் யாரோ ஒரு செக்கர்,
'த' போட்டால் அந்தச் செக்கர்.
நீங்க எது என்று கேட்டாள்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை கம்பெனிக் கடிதம் வந்தது.
டியர் எம்ப்ளாயீ.
யுவர் சர்வீசஸ் ஹேவ் பீன் டிஸ்கன்டினியூட்.
போர்டில் எழுதச் சொன்னேன்.
எல்லோருக்கும் புரிந்தது,
அதனால் யாரும் அர்த்தம் சொல்லவில்லை.
எனக்கு இலக்கணம்தான் வேண்டியிருந்தது:
செய்தது யார்?

"சர்வீசஸ்தான் சப்ஜெக்ட்" என்றாள் மிஸ்,
போர்டைப் பார்த்தபடியே.
"பை போட்டு ஆள் பேரைச் சொல்லணும்னு
கட்டாயம் இல்லக்கா."
முதல்முறை அக்கா என்றாள்.

எட்டாவது பரீட்சையில் பயனிலையை
'பயன் இல்லை' என்று எழுதி மார்க் விட்டவள் நான்.
தோன்றா எழுவாய் மட்டும் மனதில் தங்கியிருந்தது.
ஆள் மறைந்திருப்பான்,
வினையின் வாலைப் பிடித்து இழுத்தால்
வெளியே வந்துவிடுவான்.
இந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வாலே வைக்கவில்லை.

கடிதத்தின் பின்பக்கம் எழுதினேன்:
ஹூ ஸ்டாப்ட் மீ
"கேள்விக்குறி" என்றார் மெக்கானிக்.
"இதுல சப்ஜெக்ட் எது மிஸ்?"
"ஹூ" என்றாள். பிறகு,
"கரெக்டாத்தான் இருக்கு."
டெக்னீஷியன் பேனா நீட்டினாள்.

கீழே எஸ். ஞானசௌந்தரி என்று போட்டேன்.
படி இறங்கி மூன்று பிரதி, ஆறு ரூபாய்.
எச்.ஆருக்கு ஒன்று, லேபர் ஆபீசுக்கு ஒன்று,
மூன்றாவது எதற்கென்று இன்னும் முடிவாகவில்லை.
ஒவ்வொன்றிலும் கேள்விக்குறியைக் கையாலேயே போட்டு
கடை டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
'மீ' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
பரவாயில்லை.
பாஸ்.