கேத்தி, மைனஸ் இரண்டு

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்.
போஜனின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் முட்டி போட்டு
இலை கழுவிய நீரைக் குப்பியில் பிடிக்கிறேன்.
கையுறைக்குள் இருப்பவை யாருடைய விரல்களோ.
கம்பத்தில் கட்டிய வெப்பமானி
மைனஸ் இரண்டு என்கிறது.
பாலாடா பக்கம் ஒரு நாய்
அதை நம்பாமல் குரைக்கிறது.

நீர் பூஜ்ஜியத்தில் உறையும் என்று
ஏழாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
முழு உண்மையில்லை.
தூய நீர் தயங்கும்.
மைனஸ் ஐந்து, பத்து, இருபது,
முப்பதைத் தாண்டியும்
எந்தப் பக்கம் திரும்பி நிற்பதென்று தெரியாமல்
முண்டிக்கொண்டே இருக்கும்,
கவுன்ட்டர் திறக்காத ரேஷன் கடைக் கூட்டம்.

யாராவது
முதல் வரிசையைப் போட்டுக் காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு இத்தனை சின்ன உடம்பு போதும்:
ஒரு மில்லிமீட்டரில் தலைக்குக் கால் வைத்து
ஐந்நூறு பேர் படுக்கலாம்.
அந்த பாக்டீரியாவின் வெளித்தோலில் ஒரு புரதம்.
ஒரே இழை.
பதினாறு மணி கோத்து
மறுபடி அதே பதினாறு, கொஞ்சம் மாற்றி,
மறுபடி,
மறுபடி,
ஐம்பது அறுபது தடவை.
பாடம் மறந்த பிள்ளை ஒரே அடியில் திக்குவது போல
என்று நோட்டில் எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டேன்.
அது திக்கவில்லை, ஏறுகிறது.
சுருண்டு சுருண்டு, ஒவ்வொரு சுற்றிலும்
திரியோனின் அதே ஓரத்துக்கு வந்து நிற்கிறது
படிமேல் படியாக.
படிகளின் இடைவெளிதான்
பனிக்கட்டிக்குள் நீர் விட்டு நிற்கும் இடைவெளி.

ஒற்றை ஏணிக்கு அவ்வளவு தெம்பில்லை.
பல ஏணிகள் நெருங்கி நின்றால்
நீர் வந்து சாய்கிறது.
ஒன்று நின்றதைப் பார்த்து இன்னொன்று.

ஹைதுரோஸின் மீன்பெட்டி, வாடகை ஐம்பது ரூபாய்.
அவர் கடை ஐஸ், அவர் கடைக் கல்லுப்பு, அவர் கடை வாடை.
மைனஸ் நான்கு.
இரண்டு குழாய்களிலும் நீர் ஆடுகிறது.
போஜன் டார்ச் பிடிக்கிறார்.
ஒரு குழாயில் தோட்டத்துச் சொட்டு ஒன்று.
கண் இமைப்பதற்குள் வெள்ளை,
மேலிருந்து கீழே ஓடி முடிந்தது.
"அட சண்டாளி" என்றார்,
என்னையா அதையா தெரியவில்லை.

அடுத்து, அதே இலைநீர்.
ஃபிளாஸ்க் டீயின் சூட்டில் அரை மணி வைத்தேன்.
சுருள் அவிழ்ந்திருக்கும்.
மணி ஒன்றும் உதிரவில்லை,
அதே கோவை, அதே வரிசை;
உருவம் மட்டும் போயிற்று.
அதில் ஒரு சொட்டை இரண்டாம் குழாயில் விட்டேன்.
நீர் ஆடிக்கொண்டே இருந்தது.

இதற்குள் வெளிச்சம் வந்து
தோட்டம் தெரிந்துவிட்டது.
மேல் மூன்று பாத்தியும் கருப்பு.
வெந்நீர் ஊற்றின கீரை மாதிரி இலைகள்.

"எதுக்கு இப்பிடிப் பண்ணுது?"
இலை கிழிந்தால் உள்ளே சர்க்கரை என்றேன்.
"அதோட ஒரு வேளைச் சோத்துக்கா?"
ஒரு வேளைகூட இல்லை. சில பேருக்கு ஒரு வாய்.
"மருந்து?"
நான் குப்பிகளின் மூடியைச் சரிபார்த்தேன்.
குளிரை அது கொண்டுவரவில்லை, குளிர் ஏற்கெனவே இங்கே இருந்தது
என்று சொல்ல நினைத்தேன்.
உண்மைதான். கருகிய பாத்திக்கு முன்னால்
அதற்கு எடை இல்லை.

அவர் மிலார்க் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு
தப்பித்த பாத்திகளுக்குப் போனார்.
நான் இரண்டாம் குழாயை எடுத்தேன்,
இன்னமும் மைனஸ் நான்கு, இன்னமும் நீர்.
நிழல் விழுந்த வரப்பில் கவிழ்த்தேன்.

புல்லைத் தொட்ட இடத்தில்
நின்றது.