எட்டு வெள்ளி

ஏழாம் தேதி சம்பளம்.
எட்டாம் தேதி காலையிலிருந்து
என் நாற்காலிக்கு ஓய்வில்லை.

பாகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசை.
நாலு நம்பர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே
ஜெயா முடிதிருத்தகம்.
ஜெயா யாரென்று முதலாளி தவசீலனுக்கே தெரியாது;
கடையை வாங்கியபோது பலகையும் சேர்ந்து வந்ததாம்.
நானும் அப்படித்தான் வந்தேன்,
அருப்புக்கோட்டையிலிருந்து, இரண்டு வருஷ பெர்மிட்டில்.

தலையைத் தொட்டால் வேலை தெரிந்துவிடும்.
மயிரடியில் பழுப்புத் தூள் அப்பியிருந்தால்
குலை வெட்டுகிறவர்;
செம்பனைப் பூ மேலிருந்து
கொட்டிக்கொண்டே இருக்குமாம்.
பின்கழுத்தில் வெள்ளைத் திட்டு, உரம் போடுகிறவர்.
காதுமடல் எண்ணெய்க் கறுப்பாய் மினுங்கினால் ஆலை.
ஒன்றுமே இல்லாமல் பவுடர் மணத்தோடு வந்து
"சீக்கிரம் லா" என்றால்
கிராணி.

முதல் வாரம், எதிர்க்கடை தனபாக்கியம் அக்கா
"பசியாறிட்டியா?" என்றார்.
"எனக்குப் பசியே இல்லையே அக்கா" என்றேன்.
கடையே சிரித்தது.
காலை ஆகாரத்துக்கு இங்கே அதுதான் பெயர்.
இப்போது நானும் கேட்கிறேன்,
சுந்தரவல்லியிடம் போனில்கூட.
"என்ன பேச்சு இது?" என்கிறாள்.

"அங்கெ மழை உண்டா?"
அவள் தவறாமல் கேட்பது இது.
"எப்பவாவது."
தினமும் நாலு மணிக்குத் தகரத்தை இடிக்கிற மழையை
எப்படிச் சொல்ல,
கடலைச்செடி காயக் காயப்
பார்த்துக்கொண்டு நிற்பவளிடம்?
மழை பெய்கையில் அவள் அழைத்தால்
எடுப்பதில்லை.

மஹ்சூன் லொம்போக்குக்காரன்.
முப்பதடி உயரத்தில் பழம் சிவந்ததா என்று
நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற கழுத்து.
சவரத்துக்கு நாற்காலியைச் சாய்த்தால் கையால் தடுப்பான்.
அவன் மலாயில் "அண்ணே" மட்டும் எனக்குப் புரியும்,
மீதியைக் கழுத்து சொல்லும்.
அதனால் நான்தான் மண்டியிட்டு
அவன் தாடைக்கு அடியில் கத்தி பிடிப்பேன்,
குலை பார்க்கிறவன் மாதிரி,
கீழிருந்து மேலே.

போன மாதம் எட்டாம் தேதி
இடது கன்னம் முடித்து வலதில் நுரை பூசியிருந்தேன்.
"இமிகிரேசன்!"
உரக்கடைப் பையன் கத்தினான்.
மஹ்சூன் எழுந்ததை நான் பார்க்கவில்லை.
நாற்காலிதான் சுழன்றுகொண்டிருந்தது.
கழுத்துத் துண்டோடு பின்வாசல், சாக்கடை,
செம்பனை.
நாலாவது நிரையில் வெள்ளை தெரிந்தது.
எட்டாவது நிரையில் தெரிந்தது.
அப்புறம் மரங்கள்,
அளந்து வைத்த இடைவெளியில்.

சீருடைக்காரர் என் முகத்தையும் பெர்மிட் நகலையும்
மாற்றி மாற்றிப் பார்த்தார்.
அசல், முதலாளியின் இரும்புப் பெட்டியில்.
கிண்ணத்து நுரையைக் காட்டிக் கேட்டார்,
யாருக்கு?
எனக்கு, என்று நெஞ்சைத் தொட்டேன்.
போகவில்லை அவர்.
கைகட்டி நின்றார்.
காலையில் மழித்த கன்னத்தில்
மிச்ச நுரையை எடுத்துப் பூசி
மறுபடி மழித்தேன்.
மழிக்க எதுவும் இல்லாத தோலில்
கத்தி எங்கே போகும்?
காதோரம் கொஞ்சம் ரத்தம்.
அதைப் பார்த்த பிறகு
அடுத்த கடைக்குப் போனார்.

பதினோரு நாள்.
ஒரு விடியலில் ஷட்டருக்கு அடியில்
பிளாஸ்டிக் பை.
துண்டு, துவைத்து மடித்தது.
என்ன சோப்புப் போட்டானோ,
ஆலை வாசம் போகவில்லை.
மடிப்புக்குள் நாலு வெள்ளி.
ஒரு கன்னத்துக்கு.

தவசீலனுடைய நோட்டில்
பாதிச் சவரத்துக்குக் கட்டம் இல்லை.
எட்டு என்று எழுதிவிட்டு
மீதி நாலை என் பையிலிருந்து போட்டேன்.

இன்று ஏழாம் தேதி.
பிளேடு இரண்டு பெட்டி வாங்க வேண்டும்.