காயாத நைட்டி

பதினோரு நாளாகக்
கொடியிலேயே கிடக்கிறது என் ஊதா நைட்டி.
"ஒணகில்வா?" என்கிறார்
மதிலுக்கு அப்பால் கெம்பம்மா.
"இன்னும் இல்லீங்க" என்கிறேன்,
காக்ஸ் டவுனின் மே மாத வெயிலில் நின்றுகொண்டு.

பிரிந்த கைப்பட்டியில்
நூல் உருவ வருகிறது தையல்சிட்டு.
கட்டைவிரல் அளவு உடம்பு,
தெருவையே கூப்பிடும் தொண்டை.
சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால்
குத்துக்காலிட்டு, மூச்சைப் பிடித்து
நான் பொத்தானை அழுத்துவதற்குள்
யார் வீட்டிலோ குக்கர் விசில்.

இருநூற்றுப் பதினான்கு படங்கள்.
வால் மட்டும் நாற்பது.
வெறும் கொடி, வெறும் கொடி,
கிளிப்பின் துரு, அத்தனை துல்லியமாக.
ஒன்றில் மட்டும்
பச்சையாய் ஒரு கலங்கல்;
அதன் முனையில்
தெளிவாக ஒரு சாண் ஊதா நூல்.

சுவரிடுக்கில் தானாய் முளைத்த அத்தியில்
இரண்டு இலைகள் நேற்று ஒன்றாகிவிட்டன.
அங்கே கேமராவைக் கொண்டுபோகவில்லை.
வாளியோடு எட்டி நின்று பார்த்தேன்:
பள்ளிக்கூடத்தில் எனக்கு
கடைசிவரை வராத ஓட்டுத்தையல்.

இன்று காலை
மதிலுக்கு அப்பாலும் ஒரு கொடி.
அதில் ஓரம் நைந்த மஞ்சள் பாவாடை.
நான் கேட்பதற்குள்
கெம்பம்மாவே சொல்லிவிட்டார்,
அதுவும் இன்னும் காயவில்லையாம்.