நூற்றிருபது லிட்டர்

தண்டையார்பேட்டையில் நம் மாடியிலிருந்து
நாலு தெரு தள்ளிக் கடல்.
ஆனாலும் உப்பை நான்
கொளத்தூர் போய்க் கிலோக் கணக்கில் வாங்கி வருகிறேன்.
இந்தக் கரையில் மொண்டு வந்தால்
எண்ணெயும் சேர்ந்து வரும், டெல்வின்,
உன் மீன்கள் ஒரு ராத்திரி தாங்காது.

வாளியில் உப்பு பால்போலக் கலங்கி
மெல்லத் தெளிகிறது.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு
டியூப்லைட் பக்கம் பிடித்துப் பார்க்கிறேன்:
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து.
பகலெல்லாம் லேபில் அடுத்தவர் ரத்தத்தில்
சர்க்கரையும் கிரியாட்டினினும் தேடிய கண்
ராத்திரி இதற்கும் ரிப்போர்ட் எழுதுகிறது.
நைட்ரேட் பத்து. கால்சியம் நானூற்றிருபது.
வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா
என்று கேட்க மட்டும் வேண்டியதில்லை.

நீ வீடியோவில் வரும்போதெல்லாம்
முதலில் தொட்டியைக் காட்டச் சொல்கிறாய்.
உன் முதுகுக்குப் பின்னால் எந்நேரமும் கடல்,
ஒரு மீன்கூடத் தெரியாத கடல்.
நான் போனைத் திருப்புகிறேன்.
கோமாளி மீன் இரண்டும் கண்ணாடிக்கு வந்து நிற்கின்றன.
பெரியது பெண். அது போய்விட்டால்
மிச்சமிருக்கும் ஆணே பெண்ணாகிவிடுமாம்,
நீதான் சொன்னாய்.
கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டும்போது
சில நாள் அது ஞாபகம் வரும்.

மார்ச்சில் இறால் செத்தது.
முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால்,
பாறைமேல் கவிழ்ந்து,
கால், மீசை எல்லாம் அப்படியே,
உள்ளே ஒன்றுமில்லாமல்.
உன்னிடம் சொல்வதை மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.
நாலாம் நாள் பாறைக்கு அடியிலிருந்து
புது மீசை இரண்டு நீண்டு வந்து
தீனி எங்கே என்றது.
சட்டையைக் கழற்றியிருக்கிறது, சனியன்!
அதற்காக நான் அழுதிருந்தேன்.
சட்டை தீப்பெட்டியில் இருக்கிறது, வந்தால் பார்.

மே மாசம் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஏழரைக்குப் போன கரண்ட்.
பேட்டரி மோட்டார் ஒன்றரை மணி நேரம்
குமிழி விட்டுவிட்டு ஓய்ந்தது.
பவளங்கள் ஒவ்வொன்றாய் உள்ளிழுத்துக்கொண்டன.
தண்ணீர் முப்பத்தொன்றைத் தொட்டது.
சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்,
மொண்டு, ஊற்றி, மொண்டு, ஊற்றி,
பதினொரு மணிக்குத் தோள் என்னுடையதாக இல்லை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பூங்காவனம் அக்கா வந்தாள்.
காசிமேட்டில் வஞ்சிரம் அறுக்கிற கை.
"இதுங்களைக் கொழம்பு வச்சா ஒரு கரண்டி தேறுமா?" என்று
போன வருஷம் சிரித்தவள்.
டார்ச்சில் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
இறங்கிப் போய், தன் மீன் பெட்டி ஐஸை உடைத்து
பால் கவரில் முடிந்து எடுத்து வந்தாள்.
கவர் பொத்தலா என்று நான் தடவிப் பார்ப்பதற்குள்
"தள்ளுடி" என்று சொம்பையும் வாங்கிக்கொண்டாள்.

பேசாமல் ஊற்றினாள்.
ரெண்டு மணி இருக்கும்.
"நான் பாக்குற மீனெல்லாம் கண்ணு வெளுத்ததுதான்,
இது என்னைத் திரும்பிப் பாக்குது"
என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மூணே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
மோட்டார் இருமி, ஓட ஆரம்பித்தது.
அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டு
அப்படியே ஏலத்துக்குக் கிளம்பினாள்.

பச்சைப் பவளத்தில் என் கை பட்டு
ஒரு துண்டு உடைந்திருந்தது.
ஃபெவிக்விக் வைத்துக் கல்லில் ஒட்டினேன்.
பத்து நாளாயிற்று, பிடித்துக்கொண்டது,
ஓரத்தில் பொட்டளவு புதுசாய்க்கூட வந்திருக்கிறது.
கோமாளிகள் நலம். இறால் நலம்.
நத்தை வழக்கம்போல எதற்கும் அசரவில்லை.

நீ கேட்கப்போவது மஞ்சள் கோபியை.
வலைக்குள் தூங்குகிறது என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டேன்.
இந்த முறை, டெல்வின்,
பாறையைத் தூக்கி அடியிலும் பார்த்துவிட்டேன்.